சேனை வைத்த கை

மருதம்மாள் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. குழந்தைகளைத் தூங்க வைத்தே பழகிய குரல் அது. நாய் துரத்தினால்கூட "போ சாமி, போ" என்று மெல்லத்தான் சொல்வாராம். எனக்கு வாய்த்தது அதற்கு நேர்மாறான வாய். அலோர் ஸ்டாரில் என் வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் பிள்ளைகள் வானொலியின் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். இருந்தாலும் அந்த மனுஷியைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். சொல்வதில் பெரும்பகுதி என் அம்மா அழகம்மா சொல்லிக் கேட்டது. அம்மா பொய் சொல்லத் தெரியாதவள், கோபம் வந்தால் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள்.

சிடாம் கிரி ஊரைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் சடக்குப் பாதையின் கடைசியில் இருந்தது எங்கள் ஊற்றுமலைத் தோட்டம். ரப்பர் மரங்கள் இளசாக இருந்த காலம். மேட்டில் ஒரு வரிசை வீடுகள், அது மேல் லயம். பள்ளத்தில் சேற்றை ஒட்டி இன்னொரு வரிசை, அது கீழ் லயம். யார் எங்கே இருக்க வேண்டும் என்பதை வெள்ளைக்காரத் துரைக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நம் கங்காணிகள்தான். எல்லாரும் ஒரே கப்பலின் அடித்தளத்தில் ஒரே சோற்றைத் தின்று வந்தவர்கள். வழியில் மூட்டை முடிச்சைத் தொலைத்தவர்கள் உண்டு. சாதியைத் தொலைத்தவர் ஒருவரும் இல்லை.

மருதம்மாள் கீழ் லயத்துக்காரர். காய்ச்சலில் புருஷனையும் பெற்ற பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுக்க, எங்கள் பேச்சில் பால் மரம் வெட்ட, போகும் தாய்மார்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்தில் ஓர் ஆயாக் கொட்டகை கட்டினார்கள். பினாங்கில் படித்துவிட்டு வந்த டிரஸர், அதாவது எங்கள் மருந்துக்காரர், அதற்கு மருதம்மாளைத்தான் ஆயாவாகப் போட்டார். கொசு வராமல் ஜன்னலுக்கு வலை அடித்திருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும். தேங்காய் மட்டையில் புகைமூட்டம் போட வேண்டும். டிரஸர் ஒரு முறை சொன்னதை மருதம்மாள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

மேல் லயத்துப் பெண்கள் முதலில் முணுமுணுத்தார்கள். ஆனால் விடியுமுன்னே பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுவிடுவார்கள். அதற்குள் ஆள் நிற்காவிட்டால் அன்றைய கூலி போச்சு. பிள்ளையை யாரிடமாவது கொடுத்துத்தானே ஆக வேண்டும். அதனால் கொட்டகைக்குள் மட்டும் சாதி கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டது. மேல் லயத்துத் தூளியும் கீழ் லயத்துத் தூளியும் ஒரே மூங்கிலில் தொங்கின.

என் அண்ணன் அழகேசன் பிறந்தபோது அவனுக்குச் சேனை வைத்தது பெரிய கங்காணியின் மனைவி. பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் துளியாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அதனால் வசதியும் மதிப்பும் உள்ள கையாகப் பார்த்துத் தேடுவார்கள். கங்காணியின் மனைவி சேனை வைத்தும், அண்ணன் யாரையும் அதிகாரம் பண்ணத் தெரியாத சாதுவாகத்தான் வளர்ந்தான். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

அவனுக்கு மருதம்மாளின் மடிதான் தொட்டில். அம்மா தூக்கினால் அழுவான், ஆயா வாங்கினால் நிறுத்துவான். முதல் அடி எடுத்து வைத்ததும் அவரைப் பார்த்துத்தான். அம்மாவுக்கு அதில் பொறாமை கிடையாது. கொட்டகைக்குள் அம்மா அவரை "அக்கா" என்று கூப்பிடுவாள். வெளியே குழாயடியில் பார்த்தால் ஒன்றும் கூப்பிடாமல், முகத்தை ஒரு மாதிரி அசைத்துவிட்டுப் போய்விடுவாள். மருதம்மாள் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதே இல்லை என்று அம்மா சொல்வாள். சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிடும்.

அந்த நேரத்தில்தான் முருகையா வந்து சேர்ந்தார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் இந்தக் கதை எனக்குச் சுலபமாகிவிடும். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர், நல்ல குரல். மாரியம்மன் கோயிலில் அவர் பாட ஆரம்பித்தால் கள்ளுக்கடையில் இருப்பவர்கள்கூட எழுந்து வருவார்களாம். மேல் லயத்தில் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. வந்த முதல் மழைக்காலத்திலேயே அவருடைய ஒரே மகன், தவழ்கிற பிள்ளை, காய்ச்சலில் போய்விட்டான். பகலில், கொட்டகையில், மருதம்மாளின் கையில் உயிர் போனது. சேதி வந்தபோது முருகையா தூரத்து நிரையில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கொசுதான் காய்ச்சலைக் கொண்டு வருகிறது, ராத்திரி லயத்தில் கடித்திருக்கும் என்று டிரஸர் சொன்னார். முருகையாவால் அதை ஏற்க முடியவில்லை. கடலைத் தாண்டிக் கொண்டு வந்த பிள்ளையை ஒரு கொசு கொன்றது என்றால் எந்தத் தகப்பனுக்குத்தான் மனம் ஒப்பும்? திட்டுவதற்கும் பகைப்பதற்கும் அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒரு நாள் சாயங்காலம் கோயிலில் பாட்டை நடுவில் நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"நம்ம புள்ளைங்கள எந்தக் கையில கொடுக்கிறோம்னு யோசிச்சோமா? ஊர்ல நாம தொடவிடாத கை. இங்க வந்து கூலிக்காக முறைய விட்டோம். சாமி சும்மா இருக்குமா?"

அவ்வளவுதான் சொன்னார். மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது. தண்ணீர்க் குழாயடியில் அது வேறு உருவம் எடுத்தது. மருதம்மாள் குழந்தைகளின் காதில் ஏதோ முணுமுணுக்கிறாள் என்றார்கள். தாலாட்டு வேறென்ன செய்யும்? பிள்ளை இல்லாதவள், அதனால் கண் வைக்கிறாள் என்றார்கள். முறை தவறாமல் இருந்த காலத்தில் இந்தத் தோட்டத்தில் காய்ச்சலே கிடையாது என்று ஒருவர் சொல்ல, ஆமாம் ஆமாம் என்று நாலு பேர் தலையாட்டினார்கள். கொட்டகை வருமுன் செத்தவர்களைப் புதைத்த மேடு மலையடிவாரத்தில் புல் மூடிக் கிடந்தது. தலையாட்டிய நாலு பேரும் அங்கே சொந்தத்தில் ஓர் ஆளையாவது புதைத்தவர்கள்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. அதை முழுசாக நம்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள், பக்கத்து வீட்டுக்காரி நம்புகிறாளே என்று பயந்தவர்கள். என் அம்மாவும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். அப்பா முனியாண்டி முருகையாவுக்கு வலது கை. மேல் லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தூளியை அவிழ்த்துக்கொண்டு போனபோது, அம்மாவும் ஒரு நாள் போய் நின்றாள்.

"அக்கா, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஆனா நாளைக்கு இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நாந்தான் கொன்னேன்னு சொல்லுவாங்க."

மருதம்மாள் தூளித் துணியை மடித்து அம்மாவின் கையில் கொடுத்தார்.

"கொண்டு போ தாயி. நெழலு பாத்துக் கட்டு. ஓடைப் பக்கம் மட்டும் கட்டாத."

ஆனால் நிழல் இருந்ததெல்லாம் ஓடைப் பக்கம்தான். வெட்டு நடக்கும் நிரைகளை ஒட்டி, ஓடைக் கரையின் மரங்களில் மேல் லயத்துத் தூளிகள் வரிசையாகத் தொங்கின. இருட்டுப் பிரியாத நேரத்திலேயே பிள்ளைகளை அங்கே போட்டுவிட்டுத் தாய்மார்கள் உளியோடு மரம் மரமாக ஓடினார்கள். கொசுவுக்கு அன்று முதல் விருந்து.

கொட்டகையில் பாதி மூங்கில் காலியாக இருந்தது. மருதம்மாளுக்கு அழுகை வந்ததா என்று அம்மாவிடம் ஒரு முறை கேட்டேன். "அப்ப அவங்க அழுது நான் பாக்கல, அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு" என்றாள். அவர் அழுவதற்குப் பதிலாக ஒன்று செய்தார். கீழ் லயத்துக் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு, உடைந்த சட்டியில் தேங்காய் மட்டையைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். தூளிகளின் பக்கத்தில் போகவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, தள்ளி நின்று, சட்டியைத் தரையில் வைத்தார். புகை தானாகவே குழந்தைகள் மேல் போயிற்று. யாரையும் தொடவில்லை, யார் துணியையும் தொடவில்லை. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். மறுநாளும் வைத்தார்.

புகையில் ஏதோ போட்டு மந்திரிக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. அந்தச் சட்டியைக் காலால் எத்தி ஓடையில் தள்ளியவர் என் அப்பா. வேறு யாரோ என்று சொல்லியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும், ஆனால் அம்மா அப்படிச் சொல்லவில்லை.

மழை பிடித்தது. ஓடைக் கரைத் தூளியில் கிடந்த காளியம்மாவின் பெண் குழந்தை காய்ச்சலில் இறந்தது. இனிமேலாவது புத்தி வரும் என்று டிரஸர் நினைத்திருப்பார். வரவில்லை. பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்ட ஆத்திரத்தில் மருதம்மாள் விட்ட சாபம் அது என்றார்கள். பிள்ளை கொட்டகையில் செத்தால் அவருடைய கை, மரத்தடியில் செத்தால் அவருடைய சாபம். அந்த மனுஷிக்குத் தப்பிக்க எந்தப் பக்கமும் வழி வைக்கவில்லை.

அப்புறம் அழகேசனுக்கு உடம்பு சுட்டது.

முருகையா வந்து, மஞ்சள் தடவிய கயிறு ஒன்றை மந்திரித்து அவன் இடுப்பில் கட்டினார். உண்மையான பாசத்தோடுதான் கட்டினார். காய்ச்சலுக்கு டிரஸர் தரும் கொய்னா வேண்டாம், மருந்து டப்பா ஆயாவின் கைபட்டுத்தான் வருகிறது என்றார். டிரஸர் கொடுத்தனுப்பிய கொய்னா மாத்திரையை அப்பா வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அண்ணனுக்குக் குளிர் வந்து பல் கிட்டியது, பிறகு கொதித்தது, பிறகு மறுபடி குளிர். மூன்றாம் தடவை குளிர் வந்தபோது அவன் அழவில்லை. அழத் தெம்பில்லை. அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள்.

பகல் நேரம், பால் நிறுக்கும் கொட்டகையில் தோட்டமே வாளியும் கையுமாக வரிசையில் நின்றது. ஆயாக் கொட்டகைக்கு வழி அதைத் தாண்டித்தான். அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். அப்பா வரிசையை விட்டு வந்து குறுக்கே நின்றார்.

"எங்க போற?"

"ஆயாகிட்ட."

"புள்ளைய அங்க கொண்டு போனா வீட்டுக்கு வராத."

"சரி. மொதல்ல புள்ள பொழைக்கட்டும். வர்றதா வேணாமான்னு அப்பறம் பேசிக்கலாம்."

முருகையா வாளியைக் கீழே வைத்தார். "தங்கச்சி, எம் புள்ளைய அங்கதான் பறிகொடுத்தேன்" என்றார்.

"தெரியும்ண்ணே. காளியம்மா புள்ள எங்க செத்துச்சு? மரத்தடியில. அங்க எந்தக் கை தொட்டுச்சு?"

காளியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதே எல்லாருக்கும் அறிவு பிறந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், அப்படி நடக்கவில்லை. வழி விட்டார்கள், அவ்வளவுதான். அம்மா ஆயாக் கொட்டகை வாசலில் நின்று, உள்ளே போய்ச் சொல்லலாம் என்று காத்திருக்காமல், எல்லார் காதிலும் விழும்படி கூப்பிட்டாள்.

"அக்கா, இவன வாங்கிக்குங்க."

மருதம்மாள் எழுந்து வாசலுக்கு வந்தார். வாங்கினார். டிரஸர் ஓடி வந்தார். கசப்புத் தாங்காமல் அண்ணன் மருந்தைத் துப்பினான். யஹ்யா ராவுத்தர் மளிகைக் கடையிலிருந்து டின் பால் வாங்கி வரச் சொல்லி, கொய்னாவை அதில் குழைத்து, விரல் நுனியில் தொட்டுத் தொட்டு அவன் நாக்கின் பின்பக்கம் வைத்தார் மருதம்மாள். அவன் கடித்தான். "கடி சாமி, நல்லாக் கடி, பல்லு வலுவா இருக்கு" என்றாராம். அம்மா வீட்டுக்குப் போகவில்லை, கொட்டகையிலேயே தங்கினாள். டிரஸர் சொன்ன அத்தனை நாளும் மருந்து உள்ளே போயிற்று. ஒரு காலையில் அண்ணன் வேர்த்து நனைந்து, கண்ணைத் திறந்து, பசிக்கு அழுதான். அம்மாவும் கூடவே அழுதாள். வெளியே யாரோ விறகைக் கீழே போடும் சத்தம் கேட்டது. அப்பா. உள்ளே வர முகமில்லாமல், ஒரு கட்டு விறகை வாசலில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். "வீட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

பிறகு தோட்டத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? முருகையா கட்டிய கயிறு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டது என்றார்கள். அம்மாவுக்கு வந்த கோபத்தில் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுக்கப் போனாள். மருதம்மாள்தான் தடுத்தார்.

"அறுக்காத தாயி. நாளைக்கு இவன் ஒரு தும்மு தும்மினாலும் அறுத்ததாலதாம்பாங்க. இருந்துட்டுப் போகட்டும். கயிறு புள்ளைய என்ன பண்ணுது?"

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் முருகையா கொட்டகை வாசலில் வந்து நின்றாராம். அம்மா அன்று பிள்ளையை எடுக்கச் சீக்கிரமே வந்திருந்தாள். அவளை அவர் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"எம் மவன்... கடைசில அழுதானா?"

மருதம்மாள் ஆட்டிக்கொண்டிருந்த தூளியை நிறுத்தினார். "இல்லண்ணே. எம் மடியிலதான் இருந்தான். தூங்கற மாதிரிதான் போனான். பாடிக்கிட்டேதான் இருந்தேன்."

முருகையா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆண்பிள்ளை அப்படி அழுது அம்மா பார்த்ததில்லை. மருதம்மாள் கொதிக்க வைத்த தண்ணீரை ஒரு குவளையில் ஊற்றி அவர் பக்கத்தில் வைத்தார். அதை எடுத்துக் குடித்துவிட்டுப் போனார்.

அம்மா அப்புறம் கேட்டாளாம், நிஜமாகவே அழவில்லையா என்று. "அழாம இருக்குமா தாயி, அம்மா அப்பாவத் தேடி அழுதுச்சு. அத அவருகிட்ட எப்படிச் சொல்றது?" என்றார் மருதம்மாள்.

அதன்பின் முருகையா கோயிலில் பாடினார், ஆனால் முறை, தீட்டு என்று பேசவே இல்லை. அவர் நிறுத்தியும் பேச்சு நிற்கவில்லை, ஆரம்பித்து வைத்தவர் அதற்குத் தேவைப்படவில்லை. மேல் லயத்துப் பெண்கள் ஓடைக் கரையில் தூளி கட்டப் பயந்து, வேறு வழியில்லாமல் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். சாயங்காலம் வாங்கிப் போனதும் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தீட்டுக் கழித்துத்தான் வீட்டுக்குள் விட்டார்கள். மருதம்மாளுக்கு அது தெரியும். "நல்லதுதான், புள்ளைங்க தெனமும் குளிக்குதுங்க" என்று சிரிப்பாராம். எனக்கென்றால் அந்த மஞ்சள் தண்ணீரை அவர்கள் தலையிலேயே கொட்டியிருப்பேன்.

அடுத்த வருஷம் நான் பிறந்தேன். சேனை வைக்கக் கங்காணியின் மனைவி வெள்ளிச் சங்கோடு வந்துவிட்டார். அம்மா படுத்தபடியே சொன்னாள், "நீங்க உக்காருங்கம்மா. இவளுக்கு ஆள் சொல்லியிருக்கேன்." சொல்லி அனுப்பியிருந்தது மருதம்மாளுக்கு. அழைத்து வரப் போனவர் என் அப்பா.

மேல் லயத்து வீட்டு வாசலை மருதம்மாள் அதற்குமுன் மிதித்ததில்லை. நிலைப்படியில் நின்றுவிட்டார். கங்காணியின் மனைவி எழுந்து, சங்கை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். மருதம்மாள் பயந்துபோய்ச் சொன்னாராம்.

"நான் வச்சா என் கொணம் வந்துரும் தாயி. இந்தக் கொணத்த வச்சிக்கிட்டு இந்தத் தோட்டத்துல பொழைக்க முடியாது."

"அது வரணும்னுதான்க்கா கூப்பிட்டேன். வாங்க."

உள்ளே வந்தார். கை கழுவினார். ஒருமுறை போதாதென்று மறுபடியும் கழுவினார். பிறகு விரலைச் சர்க்கரைத் தண்ணீரில் தொட்டு என் நாக்கில் வைத்தார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன் என்று அம்மா சொல்வாள்.

நான் நடக்க ஆரம்பிக்கும் முன்பே மருதம்மாள் போய்விட்டார். அவருக்கும் காய்ச்சல்தான். அவர் முகம் எனக்கு நினைவில்லை.

சேனையில் குணம் வராது. நானே அதற்குச் சாட்சி. பொறுமை கிடையாது, இரைந்து பேசுவேன், சட்டியை எத்தியவனை நான் ஒரு நாளும் மன்னித்திருக்க மாட்டேன், அவர் என்னைப் பெற்றவர் என்றாலும். நான் சண்டை போடும்போதெல்லாம் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "மருதக்கா கைய வீணாக்கிட்டியேடி" என்பாள். வெறும் சர்க்கரைத் தண்ணீர், அதில் ஒன்றும் இல்லை என்று யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன். ஆனால் இப்போதெல்லாம் தனியாக இருக்கும்போது, அந்த விரலிலிருந்து ஒரு துளி குணமாவது எனக்கு வந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.